அண்ணன் பூட்டிய லேத்தும் அண்ணியின் வலது கையும்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களுக்கும் கோட்டைக்குப்பத்து நண்பர்களுக்கும் வணக்கம். எங்கள் அண்ணன் மறைந்து இந்த மாசியோடு ஓராண்டு நிறைகிறது. மலரில் எனக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பதாக அண்ணன் மகள் கௌரி சொன்னாள். நான் வட்டாட்சியர் அலுவலகத்தில் முப்பத்து நான்கு ஆண்டு கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். இரண்டு பக்கத்தில் எதையும் முடிக்கும் பழக்கம் அந்த வேலையில் கிடையாது. பொறுத்துக்கொள்ளவும்.

அண்ணன் கோட்டைக்குப்பத்தில், ஏரியைப் பார்த்த எங்கள் வீட்டில், மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அடுத்து நான். எங்கள் நைனா ஏரியிலும் கடலிலும் தொழில் செய்தவர். தம்பியின் படிப்புக்காக அண்ணன் தன் படிப்பைத் தியாகம் செய்தார் என்று எழுதும்படி இரண்டு உறவினர்கள் கேட்டுக்கொண்டார்கள். நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது நடக்கவில்லை. ஏழாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் கரும்பலகையில் வட்டம் போட்டுப் பரப்பளவு கேட்டார். அண்ணன் எழுந்து, “சார், மொதல்ல வட்டத்த ஒயுங்கா போடுங்க” என்றார். அன்று மாலையே அவருக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. நானும் அந்த அறையின் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. பலகையில் இருந்தது முட்டை.

அதன் பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் தண்ணீர்தான் அவர் அலுவலகம். நடு வயதில் கூட்டாளிகளோடு எஞ்சின் வைத்த படகு ஒன்று வாங்கினார். முகத்துவாரத்தில் மணல் ஏறிக் கிடந்த ஒரு வருடம், அலை தூக்கிப் போட்டதில் அந்தப் படகு இரண்டாக உடைந்தது. ஆட்கள் எல்லோரும் நீந்திக் கரையேறினார்கள். மறுநாள் அண்ணன் திரும்பப் போய், எஞ்சினிலிருந்து படகைத் தள்ளும் விசிறிக்குப் போகும் இரும்புத் தண்டை மட்டும் கழற்றித் தோளில் சுமந்து வந்தார். எதற்கு என்று கேட்டதற்கு, “இது வளையல” என்றார். எண்ணெய்த் துணி சுற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்தார். பன்னிரண்டு வருடம் அது அங்கே கிடந்தது. ஆண்டுக்கு ஒருமுறை துணியைப் பிரித்து எண்ணெய் தடவுவார். அண்ணி அதை அவருடைய சின்ன வீடு என்று சொல்லுவார்.

அண்ணியைப் பற்றிச் சொல்லாமல் அண்ணனைப் பற்றிச் சொல்ல முடியாது. எங்கள் தெருவில் வலையின் முடிச்சைப் பார்த்தே அது யார் வீட்டு வலை என்று சொல்லிவிடுவார்கள். அண்ணி போட்ட முடிச்சு மற்றவர்கள் முடிச்சைவிட ஒரு இழுப்பு அதிகம். அண்ணனின் வலையில் வேறு கை பட்டதில்லை. நண்டு கிழித்தாலும் கட்டை கிழித்தாலும் அண்ணி வாசலில் உட்கார்ந்து ஊசியை எடுப்பார். வெயில் ஏறுவதற்குள் அடைத்துவிடுவார்.

அண்ணன் மறைவதற்கு எட்டு மாதம் முன்பு, ஆனியில் ஒரு காலையில் அப்படி அடைத்துக்கொண்டிருந்தபோது வலை ஊசி அவர் கையிலிருந்து விழுந்தது. எடுத்தார். மறுபடியும் விழுந்தது. ஈரம் என்று நினைத்துக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாராம். மூன்றாம் முறை அவரே சாய்ந்தார். பக்கவாதம். வலப் பக்கம். கால் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. கை வரவில்லை. விரல்கள் பாதி மூடிய நிலையில் நின்றுவிட்டன. பாதி அடைத்த அந்த வலையை அண்ணன் ஊசியோடு அப்படியே தூக்கி வாசல் ஆணியில் மாட்டினார். வேறு வலையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனார்.

பொன்னேரியில் இயன்முறை சிகிச்சை பார்க்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். அவர் சொன்னது இதுதான். முதலில் தடிமனான பொருளைப் பிடிக்கச் சொல்ல வேண்டும். அது பழகியதும் சற்று மெலிந்தது. அப்புறம் இன்னும் மெலிந்தது. விரல் கொஞ்சம் கொஞ்சமாக மூடும். முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் முடிந்த மட்டும் பழக்குங்கள் என்றார். அண்ணன் வீட்டில் உள்ளதையெல்லாம் எடுத்து வைத்தார். தண்ணீர் பாட்டில் வழுக்கியது. குழவி கனத்தது. சொம்புக்கும் பூரிக்கட்டைக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை.

“கடையில விக்கிறாங்கண்ணா. ரப்பர்ல வருது” என்றேன்.

“அது ஊருக்கெல்லாம் ஒரே அளவுடா. இவ கை இவ அளவு” என்றார்.

வலைக் கண்ணி அளக்கிற நூலை எடுத்து அண்ணியின் மடங்கிய விரல்களுக்குள் விட்டுச் சுற்றளவு பிடித்தார். அந்தக் கைக்கு மரத்தில் பிடிகட்டைகள் செய்வதென்று, முதல் கட்டை என்ன தடிமன், கடைசிக் கட்டை என்ன தடிமன் என்று கணக்குப் போட்டார். மொத்தம் பத்து. பத்தாவது, வலை ஊசியின் தடிமன். ஒவ்வொன்றும் நடுவில் லேசாகப் புடைத்திருக்க வேண்டும், அப்போதுதான் உள்ளங்கை நிறையும் என்றார். கத்தியால் செதுக்கிப் பார்த்தார். உருண்டையாக வரவில்லை. ஏழாம் வகுப்பில் சொன்னதை அவரால் மீற முடியுமா? வட்டம் ஒழுங்காக இருக்க வேண்டும். கட்டிலுக்கு அடியில் கிடந்த தண்டை வெளியே இழுத்தார்.

மரம் கடையும் லேத் இப்படித்தான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. அதை அவர் பூட்டிய விதத்தை எழுதி வைக்கிறேன், பின்னால் யாருக்காவது பயன்படலாம். இரண்டு இரும்புச் சட்டங்களை இணையாகக் கிடத்தி அடித்தளம். இடக்கோடியில் இரண்டு பேரிங்குகளில் படகுத் தண்டு. முன்பு விசிறி மாட்டியிருந்த முனையில் மரத்தைக் கவ்வும் முள் தட்டு. எதிர்க்கோடியில், பழைய கார் ஒன்றின் ஜாக்கியைப் படுக்க வைத்து, அதன் திருகு முனையை இன்னொரு முள்ளாக்கினார். இரண்டு முள்ளும் நேருக்கு நேர் நிற்க வேண்டும். அதற்குத் தூண்டில் நரம்பை இழுத்துக் கட்டி, அதை ஒற்றைக் கண்ணால் பார்த்துத் தட்டித் தட்டி நேராக்கினார். உளிகள் லாரியின் வில் பட்டைத் தகட்டிலிருந்து. மோட்டார், அண்ணியின் பழைய கிரைண்டரிலிருந்து. வெல்டிங் சலீம் பாய். ஓட்டிப் பார்த்தால் சட்டம் முழுக்க அதிரும் என்று சலீம் பாய் சொன்னார். அண்ணன் வெளியே போய்ப் படகு நங்கூரத்தைக் கொண்டுவந்து சட்டத்தின் அடியில் கட்டித் தொங்கவிட்டார். அதற்குப் பிறகு அது எங்கேயும் போகவில்லை.

ஒரு தவறும் நேர்ந்தது. கடலில் அந்தத் தண்டு எந்தப் பக்கம் சுற்றியதோ அதே பக்கம் சுற்றும்படி மோட்டாரை வைத்துவிட்டார். மரம் கடைகிறவனுக்கு மரத்தின் மேல் பக்கம் தன்னை நோக்கி வர வேண்டும். கிரைண்டர் மோட்டார் சுற்றும் பக்கமாகக் கையால் சுற்றிப் பார்த்தபோது இதில் விலகிப் போனது. உளியை வைத்தால் தூக்கி எறியும்.

“அண்ணே, மோட்டார திருப்பிப் போட்டா சரியாப்பூடும். நாலே போல்ட்டு” என்றார் சலீம் பாய்.

அண்ணன் யோசித்தார். “அது பொறந்ததுலேர்ந்து இப்டித்தான் பாய் சுத்தினு கீது. வயசான காலத்துல மாத்தி சுத்துன்னா நல்லாவா இருக்கும்?” என்று சொல்லிவிட்டு, லேத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் நின்றார். அங்கிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் சுற்றியது. மோட்டாரும் தண்டும் வலக்கை பக்கம் வந்துவிட்டன, அவ்வளவே. “லேத்து தப்பு இல்ல. நாம நின்ன பக்கம்தான் தப்பு” என்றார். சலீம் பாய் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

இதெல்லாம் நாற்பது நாளில் முடிந்தது. அடுத்து வருவதை இந்த மலரில் எழுத வேண்டாம் என்று அண்ணி சொன்னார். எழுதாவிட்டால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும் என்பதால் எழுதுகிறேன்.

கடல் விஷயத்தில் அண்ணன் சொல்வதை நான் மீறியதில்லை. காகித விஷயத்தில் நான் சொல்வதை அவர் மீறியதில்லை. மோட்டார் ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு சுவிட்சைத் தேடிய அண்ணனைத் தடுத்து நிறுத்தியவன் நான். மோட்டார் வைத்தால் அது பட்டறை, பட்டறை என்றால் வீட்டு இணைப்பில் ஓட்டக் கூடாது, தனி மின் இணைப்பு வாங்க வேண்டும் என்று சொன்னேன். தனி இணைப்புக்குப் பட்டா வேண்டும். பட்டா தாத்தா பெயரில் இருந்தது. அதை மாற்ற வாரிசுச் சான்று வேண்டும். வாரிசுச் சான்றுக்குத் தாத்தாவின் இறப்புச் சான்று வேண்டும். தாத்தா இறந்ததை ஊரே அறியும், பதிவேடு அறியாது. அதற்குத் தனி மனு, விசாரணை, சாட்சி. ஒவ்வொரு படியையும் நான் அத்துப்படியாக அறிந்தவன். ஒரு தாளில்கூட எனக்குப் பிழை வரவில்லை. எல்லாம் ஒழுங்காக, வரிசையாக, நான்கு மாதம் நடந்தது.

அந்த நான்கு மாதமும் அண்ணன் சும்மா இருக்கவில்லை. தண்டில் வலைக் கயிற்றைச் சுற்றி, இரண்டு முனைகளையும் அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி நாற்காலியில் உட்கார்ந்து இடக்கையால் மாற்றி மாற்றி இழுக்க, மரம் இப்படியும் அப்படியுமாகச் சுற்றியது. வரும்போது உளியை வைப்பார், போகும்போது எடுப்பார். அண்ணியின் வலது கையையும் துணியால் இடக்கையோடு சேர்த்துக் கட்டிவிட்டிருந்தார்.

“இன்னா, மெதுவா இசுக்குற? மீனு பூடும்” என்பார்.

“ரெண்டு மாசத்துக்கு ஒரு கட்ட. இதுல ஜல்தி வேற” என்பார் அண்ணி.

நான்கு மாதத்தில் இரண்டு கட்டை. அதுவும் முட்டையாகத்தான் இருந்தது. அண்ணன் அதைக் கண்டுகொள்ளாதது போல இருந்தார். பொன்னேரி அம்மா வந்து பார்த்துவிட்டு, தோளும் முழங்கையும் நன்றாகத் தேறியிருக்கின்றன, கயிறு இழுத்ததுதான் காரணம் என்றார். விரல்களைப் பார்த்தார். அடுத்த வாரம் வருகிறேன் என்றார்.

மார்கழித் தொடக்கத்தில், பட்டா முதல் சான்று வரை எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கி, பக்க எண் போட்டு, மின்சார அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்த பெண்ணுக்கு என் மகள் வயது. கோப்பை மரியாதையாகப் புரட்டினாள்.

“சார், இது யாருக்கு விக்கிறதுக்கு?”

“விக்கிறதுக்கு இல்லம்மா. எங்க அண்ணி கைக்கு.”

“மோட்டார் எவ்ளோ?”

“அரைக் குதிரைத்திறன்.”

“அது எங்க வீட்டு கிரைண்டர் சார். சொந்தத்துக்குன்னா வீட்டு கனெக்ஷனே போதும். இதுக்கு நீங்க வரவே வேணாமே.”

நன்றி சொல்லிவிட்டுக் கோப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவள் சொன்னது சரி. அங்கே யார் மேலும் பிழை இல்லை. முதல் நாளே போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து நிமிட வேலை. கேட்பதற்கு எனக்கு என்ன அவசியம்? எனக்குத்தான் எல்லா நடைமுறையும் தெரியுமே.

வீட்டுக்கு வந்தேன். அண்ணன் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்.

“அண்ணா, தனி கனெக்ஷன் வேணாமாம்.”

“அப்ப இப்பவே சொருவலாமா?”

“சொருவலாம்.”

நான்கு மாதமாக அந்த ஒயர் சுவரில் ஓர் ஆணியில் சுருட்டி மாட்டியிருந்தது. சுவிட்ச் அதற்கு ஒரு முழம் மேலே. அண்ணன் ஒயரை எடுத்துச் சொருகினார். மோட்டார் ஓடியது. அவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்று கொஞ்சம் லேசாக இருக்கும். பொன்னேரி அம்மா சொன்ன ஆறு மாதம் அந்த வாரத்தோடு முடிந்திருந்தது.

அடுத்த பத்து வாரங்களில் அண்ணன் நான்கு கட்டைகள் கடைந்தார். பூவரசு மரம். காலையில் ஏரியிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய் நிற்பார். சிராய் தலையில் பூப்போல விழுந்து கிடக்கும். ஒவ்வொரு கட்டையையும் கடைந்து, தேய்த்து, முதலில் தன் கன்னத்தில் உருட்டிப் பார்ப்பார். சொரசொரப்பு இல்லையென்றால்தான் அண்ணி கையில் வைப்பார். அண்ணி மூன்றாவதை மூடிப் பிடித்தார். நான்காவதையும் பிடித்தார். ஐந்தாவது நழுவிக்கொண்டே இருந்தது.

“கட்ட சரியில்ல” என்பார் அண்ணி.

“கட்ட சோக்கா கீது. கை சோம்பேறி” என்பார் அண்ணன்.

மாசியில் அந்த நாள் காலை பத்து மணி இருக்கும். ஆறாவது கட்டையை முடித்து அண்ணியின் மடியில் வைத்தார். அடுத்து வேண்டிய நான்கு மரத்துண்டுகளையும் அறுத்து, சாக்பீஸில் எண் போட்டு, சுவரோரம் அடுக்கியிருந்தார். ஏழாவதை ஏற்றி மோட்டாரைப் போட்டவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தார். பக்கத்து வீட்டார் ஆட்டோ கொண்டுவந்தார்கள். ஏற்றும்போது அண்ணியைப் பார்த்து அவர் சொன்ன கடைசி வார்த்தையைத் தத்துவமாக ஏதாவது மாற்றி எழுத எனக்கு அனுமதி இல்லை. “மோட்டார நிறுத்து, பெல்ட்டு சூடாவுது” என்றார். பொன்னேரி வந்து சேர்வதற்குள் போய்விட்டார். காகிதங்களை எடுத்துக்கொண்டு முன்னால் பைக்கில் போயிருந்த நான் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தேன். ஆதார் நகலும் மருந்துச் சீட்டும் கையில் இருந்தன. எல்லாம் சரியாக எடுத்து வைத்திருந்தேன்.

அவருடைய இறப்புச் சான்று மூன்றாம் நாளே கிடைத்தது. என் வாழ்நாளில் நான் இவ்வளவு விரைவாக வாங்கிய காகிதம் வேறில்லை.

கருமாதி முடிந்ததும் லேத்தை எடைக்குப் போட்டுவிடலாம் என்று ஒருவர் சொன்னார். அண்ணி எழுந்து போய் அதன் மேல் பழைய வலை ஒன்றைப் போர்த்தினார். இரண்டு மாதம் கழித்து அந்த வலையை அவரே எடுத்தார். எடுத்தபோது வலக்கையில் ஐந்தாவது கட்டை இருந்தது. விழாமல் இருந்தது.

“தம்பி, ஏயாவது கட்ட அதுலயே மாட்டினு கீது பாருங்க” என்றார்.

நான் பேனாவைத் தவிர வேறு கருவி பிடித்தவன் அல்லன். செல்போனில் நாலைந்து காணொளிகள் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டு, அவற்றில் சொன்னபடி லேத்தின் முன்னால் போய் நின்று, மோட்டாரைப் போட்டு உளியை வைத்தேன். உளி துள்ளிப் போய்க் கதவில் அடித்தது. மறுபடி வைத்தேன். மறுபடி துள்ளியது. குறிப்பேட்டைப் புரட்டினேன்.

நாற்காலியிலிருந்து அண்ணி சொன்னார்: “அந்தாண்ட போய் நில்லுங்க தம்பி. அவரு அங்கதான் நிப்பாரு.”

சுற்றிக்கொண்டு போனேன். அங்கே தரையில் இரண்டு பாதம் அளவுக்கு மண் பள்ளமாகியிருந்தது. அதில் நின்றேன். அண்ணனுக்குப் பெரிய பாதம்.

ஏழாவது கட்டை, அண்ணன் ஏற்றி வைத்ததோடு நான் வாங்கி வந்ததையும் சேர்த்து, ஐந்து மரத்துண்டுகளைத் தின்றது. மேலே பிழை, கீழே பிழை, நடுவில் முட்டை. இதற்கிடையில் எனக்கு ஒரு யோசனை வந்தது. எதற்குப் பத்து வரை போக வேண்டும்? அண்ணி பிடிக்கும் ஆறாவது கட்டையிலேயே ஒரு துளை போட்டு வலை ஊசியைச் செருகிக் கொடுத்துவிட்டால் நாளைக்கே வலை அடைக்கலாமே! விதிவிலக்கு வாங்கித் தந்த பெருமையோடு அண்ணியிடம் சொன்னேன்.

அண்ணி என்னையே பார்த்தார். “ஊசி கண்ணிக்குள்ள பூர வாணாமா தம்பி? இம்மாந் தண்டி கட்டையோட?” என்றார். பிறகு சிரித்தார். மாசிக்குப் பிறகு அவர் சிரித்து அன்றுதான் கேட்டேன். “அவரு கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்பாரு தெரிமா?” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. கையில் இருந்த கட்டையை மடியில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தார். நான் மோட்டாரைப் போட்டேன். அந்தச் சத்தத்தில் யார் அழுதாலும் கேட்காது.

இப்போது அண்ணி ஏழாவதைப் பிடிக்கிறார். எட்டாவதைக் காலை வேளைகளில் பிடிக்கிறார், மாலையில் கை சோர்ந்துவிடுகிறது. இதற்கு மேல் விரல் மூடுமா என்று பொன்னேரி அம்மாவைக் கேட்டேன். ஆரம்பத்திலேயே பழக்கியிருந்தால் உறுதியாகச் சொல்லியிருப்பேன், இப்போது முயற்சி செய்து பார்க்கலாம் என்றார். நல்லவர். அதற்கு மேல் விளக்கவில்லை. அண்ணி, இதை எழுத வேண்டாம் என்றீர்கள். மன்னிப்புக் கேட்க எனக்கு வேறு படிவம் தெரியவில்லை.

இனி நன்றி. சட்டம் இளகியபோதெல்லாம் கூப்பிடாமலே வந்து பற்றவைத்துக் கொடுக்கும் சலீம் பாய்க்கு. வாரத்துக்கு ஒருமுறை எங்களுக்காக நேரம் ஒதுக்கும் பொன்னேரி அம்மாவுக்கு. அன்று ஆட்டோவை ஓட்டியவருக்கு. வழியெல்லாம் அண்ணனோடு பேசிக்கொண்டே வந்தாராம், பதில் நின்ற பிறகும் நிறுத்தவில்லையாம். பதினாறு நாளும் சமைத்துப் போட்ட எங்கள் தெருப் பெண்களுக்கு. சுண்ணாம்புக்குளத்திலிருந்து ஞாயிறுதோறும் வந்து தாயைப் பார்த்துக்கொள்ளும் கௌரிக்கும் அவள் வீட்டாருக்கும்.

இன்னொரு நன்றியும் உண்டு. வாசலில் பாதி அடைத்த வலை தொங்குவதைப் பார்த்துவிட்டு, “குடுங்க, நான் அடச்சுத் தரேன்” என்று உங்களில் பலர் கேட்டீர்கள். சிலர் ஊசியும் நூலும் கையோடு கொண்டுவந்தீர்கள். அந்த அன்பை மறக்க மாட்டோம். ஆனால் இனி யாரும் கேட்க வேண்டாம் என்று குடும்பத்தின் சார்பில் கேட்டுக்கொள்கிறேன். ஒன்பதாவது கட்டை லேத்தில் ஏறியிருக்கிறது. பத்தாவது, அண்ணன் கைப்பட எண் போட்டது, சுவரோரம் இருக்கிறது. ஊசி, அண்ணி அன்று அடைத்து நிறுத்திய கண்ணியிலேயே நூலில் தொங்குகிறது. வருகிறவர்கள் தலையில் படாமல் குனிந்து வரவும்.